ஞானப்பாட்டு மெட்டில் ஐந்து சொற்கள்

பிரான்ஸுக்குப் போகும்வரை இனோகேயின் தலையை வெளியாள் ஒருவரும் தொட்டதில்லை. நம் ஊரில் அடுத்தவர் தலைமேல் யாரும் கை வைக்க மாட்டோம். மேலே செருகியிருக்கும் பாயை எடுக்க வேண்டும், அடியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்றால், "துலோ" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவோம். பேசத் தொடங்கிய பிள்ளைக்கே தெரிந்த மரியாதை அது. அப்படிப்பட்ட தலையைப் பதினோரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் அந்நிய ஊர் மைதானத்தில் மோதக் கொடுத்துவிட்டு வந்தான் இனோகே. அவனே கொடுத்தான் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அவன் மனைவி உனைசிக்குத் தெரியும். அதைச் சொல்லி அவனிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று வருஷமாக அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. தான் வாய் திறப்பதற்குள் அவன் எல்லாவற்றையும் மறந்துவிடுவானோ என்பதுதான் அவளுடைய பயம்.

அவன் கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நம் தென்கடல் தீவில், சிங்காதோகா ஆற்றங்கரையில், நாவோலி ஊரில் பிறந்தவன் இனோகே. அப்பாவுக்கு முட்டைக்கோஸ் தோட்டம். ஆறு வயதில், பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் கந்தலைத் திணித்துச் செய்த பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரக்பி ஆட்டமென்று வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தான். பதினாறு வயதில், முகத்துவாரத்து மணல்மேட்டில் உரமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி இறங்குவான். அவன் கூடவே மூச்சிரைக்க ஓடியவன் எரோனி. எரோனி அவனுக்குத் தூரத்து மாமன் மகன், முறைக்கு மச்சான். மச்சானும் மச்சானும் சேர்ந்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், கிண்டல் பண்ணலாம், சட்டையைக் கழற்றிக்கொண்டு போகலாம். கோபப்படுகிறவன்தான் தோற்றவன்.

"டேய் மச்சான், உன் மூஞ்சியப் பாத்துத்தான்டா எதிராளி விழுறான். நீ இடிச்செல்லாம் விழல" என்பான் எரோனி.

"அப்ப நீ வந்து நில்லு. இடியா மூஞ்சியான்னு பாத்துருவோம்."

"வேணாம்ப்பா. எனக்குக் கல்யாணம் ஆகணும்."

உண்மையில் அவன் இடித்தால் இடிதான். பந்தோடு ஓடி வருகிறவனைக் குனிந்து, தோளால் இடுப்பில் மோதி, அப்படியே தூக்கி மல்லாத்திவிடுவான். இருபத்துமூன்று வயதில் பிரான்ஸிலிருந்து ஒரு கிளப் அவனைத் தேடி வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் எரோனியின் தங்கை உனைசியைக் கட்டியிருந்தான். ஊர்க்கூடத்தில் வழியனுப்பு நடந்தது. மயக்கம் தரும் யங்கோனா வேர்ச்சாறு சிரட்டை சிரட்டையாகப் போயிற்று. போதகர் அரைமணி நேரம் ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் எரோனி ஆரம்பித்தான்.

"பிரான்ஸ்காரன் தவளை திங்கிறவனாம் மச்சான். நீ போய்ச் சேந்தா அந்த ஊர்ல தவளைக்குப் பஞ்சம் வந்துரும்."

ஊரே சிரித்தது. இனோகேயும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான்.

ஒரு வருஷம் கழித்து உனைசியும் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் வருஷம் தொரிகா பிறந்தாள். அந்தச் சிறு ஊரில் இனோகேயைத் தெரியாதவர்கள் இல்லை. ரொட்டிக் கடைக்காரர் அவனைப் பார்த்தால் வரிசையில் நிற்க விடமாட்டார். மைதானத்தில் அவன் ஒருவனை மடக்கிப் போட்டால் கூட்டம் எழுந்து நின்று அவன் பெயரைப் பாதியாக வெட்டி, "நோக்! நோக்!" என்று கத்தும். உனைசிக்கு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. கிளப் கட்டடத்தைத் துடைத்துப் பெருக்கும் வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் காலையில் போவாள். ஞாயிற்றுக்கிழமை நம் தீவுக்காரர்கள் நாலு குடும்பம் கூடும் ஆராதனையில் இரண்டாங்குரல் பாடுவாள். அவள் பாடினால் பனிக்காலத்திலும் நாவோலி வெயில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று இனோகே சொல்வான்.

ஏழாம் வருஷத்தில்தான் சனி பிடித்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. தலையில் அடிபட்டால் ஆளை வெளியே கூட்டிப் போய்விடுவார்கள். டாக்டர் ஐந்து சொற்களை வாசிப்பார். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஐந்து சொற்கள் என்ன என்று டாக்டர் மறுபடி கேட்பார். பத்து நிமிஷம்தான். சரியாகச் சொன்னால் உள்ளே போகலாம். தவறினால் அன்றைய ஆட்டமும் போச்சு, அடுத்து வரும் ஆட்டங்களும் போச்சு.

இனோகே தவறினான். ஐந்தில் இரண்டைத்தான் சொன்னான். மூன்று வாரம் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் அவன் இடத்துக்கு இருபத்திரண்டு வயதில் ஒருத்தனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது கிளப். ஒப்பந்தமோ ஜூன் மாதத்தோடு முடிகிறது. போதாக்குறைக்கு அதே மாதம் நம் பக்கம் பெரும்புயல் அடித்தது. நாவோலியில் ஒரு வீட்டுக்கும் கூரை மிஞ்சவில்லை. போனில் எரோனி அப்போதும் வாயை அடக்கவில்லை.

"கோயில் கூரை ஆத்தோட போயிருச்சு மச்சான். ஒரு விதத்துல நல்லதுதான். போதகர் ஜெபம் பண்ணா நேரா மேல கேக்குது."

"வீடெல்லாம்?"

"உங்கப்பா எங்க வீட்ல இருக்காரு. எங்க வீடு எங்க இருக்குன்னு கேக்காத." சிரித்துவிட்டு எரோனி சட்டென்று குரலை இறக்கினான். "உன்னத்தான்டா நம்பியிருக்கோம்."

போனை வைத்துவிட்டு இனோகே ஜன்னல் ஓரம் போய் நின்றான். "ஜூனுக்கு அப்புறம் எனக்கு இங்க வேலை இல்ல உனைசி" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை டாக்டர் அறையைத் துடைக்கப் போன உனைசி, மேசைமேல் அந்த அட்டையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே அட்டை. அதில் மூன்று பட்டியல், ஒவ்வொன்றிலும் ஐந்து சொற்கள். எப்போதும் அந்த மூன்றில் ஒன்றைத்தான் டாக்டர் வாசிப்பார் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்து, அதன் பின்னட்டையில் பதினைந்து சொற்களையும் எழுதிக்கொண்டாள். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்து, மேசையையும் நன்றாகத் துடைத்துவிட்டு வந்தாள்.

"இங்க வாங்க தொரிகா அப்பா. உக்காருங்க. ஒரு பாட்டு சொல்லித் தரேன்."

"எனக்கா? பாட்டா? உங்கண்ணன் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான்."

புத்தகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "இது டாக்டர் ரூம்ல இருந்ததா?"

"ஆமா."

"தப்பில்லையா?"

"பாடம் படிச்சிட்டுத்தானே பரீட்சைக்குப் போறோம்? இதுவும் அப்படித்தான். ஜூன் வரைக்கும்தான். கையெழுத்து ஆயிட்டா இந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுடலாம்."

வெறுமனே மனப்பாடம் செய்தால் அடிபட்ட தலையில் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு எது மறந்தாலும் பாட்டு மறக்காது. யங்கோனா குடித்துத் தள்ளாடுகிறவன்கூட ஞானப்பாட்டில் நாலு சரணமும் பிசகாமல் பாடுவான். அதனால் அவள் அந்தச் சொற்களை அறுவடைப் பண்டிகைப் பாட்டின் மெட்டில் போட்டாள். மூன்று பட்டியலுக்கும் மூன்று சரணம். முதல் சரணம் இப்படிப் போகும்: ஜன்னல், தேன், கயிறு, குதிரை, சோப்பு. 'சோப்பு' வருகிற இடத்தில், ஊரில் பாடும்போது 'ஆண்டவரே' என்று இழுப்போம். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். தேங்காய் துருவும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மாதம். இனோகே துருவியே ஜனவரிக்கு வந்து சேர்ந்தான். நாலு வயதுத் தொரிகாவும் கூடவே பாடினாள்.

அடிப்பாவி என்று நாம் இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். இனோகே அனுப்பிய பணத்தில் கூரைத் தகடு வந்து இறங்கியபோது நம்மில் ஒருவராவது இது எப்படி வந்தது என்று கேட்டோமா? எனக்கு இரண்டு தகடு சேர்த்துக் கொடு என்றுதான் கேட்டோம்.

பாட்டுக்கு வேலை ஏப்ரலில் வந்தது. ஒருவன் முழங்கால் இனோகேயின் காதுக்கு மேலே இடித்தது. தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். தொரிகாவை மடியில் வைத்துக்கொண்டு உனைசி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு தானாக மெட்டை முணுமுணுத்தது. பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. அவன் ஓடி வந்தான். "நோக்! நோக்!" என்று மைதானம் அதிர்ந்தது. உனைசியும் எழுந்து நின்று கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். பிற்பாடு அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் கத்தல்தான் காதில் கேட்கும்.

அன்று சாயங்காலம் காரில் ஏறியதும், "அம்மா எங்க, வரலையா?" என்று கேட்டான் இனோகே. அவன் அம்மா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. உனைசி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனே சிரித்துச் சமாளித்தான். ஜூனில் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து ஆனது. அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை.

அப்படி ஏழு தடவை தேறினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறுவடைப் பாட்டு வந்தது. இனோகே கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று, "ஜன்னல், தேன், கயிறு" என்று எடுத்துவிட்டான். நாலு குடும்பமும் புரியாமல் சிரித்தது. அவனும் தொடையைத் தட்டிச் சிரித்தான். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தது உனைசிதான். வேறு என்ன செய்வாள்?

வீட்டில் திரைச்சீலையை விலக்கினால் அவனுக்கு வெளிச்சம் குத்தியது. மகளைக் கடிந்து ஒரு சொல் பேசாதவன், அவள் பாடினால், "வாய மூடு!" என்று அதட்டினான். அதட்டிவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். ஐந்தாம் தடவை தேறியதற்கு அடுத்த திங்கட்கிழமை, நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்த உனைசி பக்கத்தில் டாக்டர் வந்து நின்றார். வயதானவர். தலையைத் தொட்டால் நம் ஆட்களுக்கு ஆகாது என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, இனோகேயின் தலையைச் சோதிக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் "துலோ" என்று திக்கித் திக்கிச் சொல்வார். அவ்வளவு நல்ல மனுஷர்.

"உன் வீட்டுக்காரர் அஞ்சு வார்த்தையையும் டாண்ணு சொல்லிடறாரும்மா. ஆனா கண்ணு வேற ஒண்ணு சொல்லுது. எனக்கு மனசு சரியில்ல. நீ சொல்லு, வீட்ல எப்படி இருக்காரு?"

வாளித் தண்ணீரில் துணியை முக்கினாள். பிழிந்தாள். மறுபடி முக்கினாள்.

"நல்லாத்தான் இருக்காரு டாக்டர்."

ஊரையே விழுங்கினாலும் ஜீரணிக்கலாம். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை ஜீரணமாகவில்லை.

பதினோராம் வருஷம், கடைசி ஆட்டம். யாரும் அவனைப் பலமாக இடிக்கக்கூட இல்லை. தோளில் லேசாகக் கை பட்டது, அவ்வளவுதான். விழுந்து எழுந்த இனோகே பந்தை அணைத்துக்கொண்டு எதிரணிப் பக்கம் போகாமல் தன் அணியின் எல்லைக்கோட்டை நோக்கியே முழு வேகத்தில் ஓடினான். ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று கூட்டம் சிரித்தது. காரில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"நான் நல்லாத்தானே ஓடினேன்? ஏன் சிரிச்சாங்க?"

பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, இனி மறதி ஏறத்தான் செய்யும், இறங்காது என்றார்கள். அப்போது இனோகேக்கு முப்பத்துநாலு வயது. அந்த ஊர் அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. மாலை போடத் தெரியாததால் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டது.

குடும்பத்தோடு திரும்பி வந்தபோது நாவோலியில் மாலைக்குக் குறைவில்லை. ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தது. எரோனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான்.

"என்னடா பெரிய மனுஷா, மச்சான ஞாபகம் இருக்கா?"

இனோகே அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ யாரு?"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. எரோனி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி! வந்ததும் வராததுமா என் மானத்த வாங்கிட்டானே!"

மச்சான் மச்சானைக் கேட்கிற கேள்விக்கு உண்மையான அர்த்தம் இருக்கும் என்று நம் ஊரில் யாருக்குத் தோன்றும்? அன்றிலிருந்து அது ஊர் வேடிக்கையானது. எரோனி வந்தாலே யாராவது இனோகேயைப் பார்த்து, "இது யாரு தெரியுதா?" என்பார்கள். அவன் தெரியாது என்பான். சிரட்டை கீழே கொட்டச் சிரிப்பார்கள். தெரிந்த நாட்களில் அவனும் அதே பதிலைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். அதனால் தெரியாத நாட்கள் யாருக்கும் தெரியாமலே போயின. உனைசி ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவாள். சொல்லிவிடலாம். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று அடுத்த கேள்வி வருமே! டாக்டர் பரிசோதிக்கவில்லையா என்று கேட்பார்களே! அதற்குப் பயந்து இன்றைக்கு வேண்டாம், பண்டிகை கழியட்டும், மழை நிற்கட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். இனோகே ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அவளை 'நீங்க' என்று கூப்பிடத் தொடங்கினான். "உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கொடுப்பான். பெண்டாட்டிக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் மத்தியானம், ஆற்றோரம் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த எரோனி, சும்மா நின்றுகொண்டிருந்த இனோகேமேல் ஒரு மண்கட்டியைத் தூக்கிப் போட்டான்.

"யாருடா நான்? சொல்லு பாப்போம்."

"தெரியல."

"டேய், மூணு வருஷமா ஒரே ஜோக்க வச்சு ஓட்டுறியே, வெக்கமா இல்ல? புதுசா ஒண்ணு கண்டுபுடி."

இனோகே தலையைக் குனிந்துகொண்டான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "என்னக் கோவிச்சுக்காதீங்க அண்ணே. எனக்கு நெசமாவே தெரியல. தெரியணும்னு தெரியுது, ஆனா தெரியல."

அண்ணே! மச்சானை அண்ணன் என்று கூப்பிட்டவன் நம் ஊரில் இதுவரை கிடையாது. எரோனியின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. சேற்றில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். மூன்று வருஷமாகத் தான் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே அவன் தங்கை வீட்டு வாசலுக்கு வந்தான். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் நமக்கு இல்லை. அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கதவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். அட்டை, பாட்டு, தேங்காய்த் துருவல், டாக்டர் கேட்டது, தான் சொன்னது எல்லாவற்றையும் கதவைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

"எத்தன தடவ?" என்றான் எரோனி.

"ஏழு."

எரோனி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டான். "நாந்தான போன்ல சொன்னேன், உன்னத்தான் நம்பியிருக்கோம்னு" என்றான் கடைசியில். "நீ மட்டும் இல்லம்மா. கூரை கேட்டவன் நான்."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் அண்ணா. முறைப்படி. அவருக்கு இன்னும் கொஞ்சமாவது புரியுறப்பவே."

"சனிக்கிழமை பல்லோட வரேன்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

பல் என்றால் திமிங்கிலப் பல். எண்ணெய் ஏறிச் சிவந்து, தென்னை நார்க்கயிறு கட்டி, எரோனியின் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தொங்குவது. அதைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால், எந்தக் குற்றமானாலும் தவறு செய்தவரின் வீட்டார் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டால் குற்றம் அதோடு புதைந்தது. வாங்கிக்கொள்ளாமலும் இருக்கலாம். அந்த நாலு நாளும் உனைசி தூங்கவில்லை. வாங்குவாரா என்ற கவலைகூட இல்லை அவளுக்கு. புரியுமா, புரியுமா என்பதே கவலை.

சனிக்கிழமை காலை இனோகேக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். எரோனி வீட்டின் மேல்பக்கம் வராமல் வாசலோரப் பாயிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான். உறவுக்காரர்கள் பத்துப் பேர். உனைசி அண்ணனுக்குப் பின்னால் தலை கவிழ்ந்திருந்தாள். பதினோரு வயதுத் தொரிகா அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். எரோனி பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பேசினான். வாழ்நாளில் முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் மச்சானோடு பேசினான். தங்கை செய்ததை ஒன்று விடாமல் சொன்னான். கூரை கேட்டதையும் சேர்த்துக்கொண்டான்.

"உன் தலைய நாங்க காப்பாத்தல மச்சான். வித்துட்டோம். மன்னிச்சிரு."

யாரோ விம்மினார்கள். இனோகே நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கைகளைக் குவித்து முறைப்படி மூன்று தடவை தட்டினான். பல்லை வாங்கினான். முகர்ந்தான். அவன் அப்பா எப்படிப் பேசுவாரோ அதே தோரணையில், அதே நிதானத்தில் பேசினான்.

"வாங்கிக்கிட்டேன். இந்தப் பல்லோட சேத்து உங்க தப்பப் புதைச்சாச்சு. இனிமே இதப் பத்தி இந்த வீட்ல பேச்சு இல்ல. எல்லாரும் நிமிந்து உக்காருங்க."

ஒரு சொல் பிசகவில்லை. பத்துப் பேரும் கைகளைத் தட்டி அழுதார்கள். உனைசிக்கு நெஞ்சில் இருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது! ஆண்டவரே, புரிந்துவிட்டது! தரையில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

இனோகே பல்லை மடியில் வைத்துக்கொண்டு எரோனி பக்கம் சாய்ந்தான். குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணே, அந்தம்மா ஏன் இப்படி அழுறாங்க? யாருக்கு என்ன பண்ணிட்டாங்க, பாவம்?"

எரோனி கையால் வாயைப் பொத்திக்கொண்டான். உனைசி தலையைத் தூக்கினாள். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. இரக்கம் மட்டும்தான் இருந்தது. சடங்கு அவன் எலும்பில் இருந்தது, அதனால் தானாக வந்தது. வேறொன்றுமில்லை.

அப்போது கோயிலில் பாடகர் குழு மறுநாள் ஆராதனைக்கு ஒத்திகை ஆரம்பித்தது. பண்டிகை நெருங்கிவிட்டது. புதுக் கூரைக்குக் கீழே நாற்பது குரல் சேர்ந்து அறுவடைப் பாட்டை எடுத்தது. இனோகேயின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டோடு சேர்ந்து பாடினான்.

"ஜன்னல். தேன். கயிறு. குதிரை. சோப்பு."

கண்ணைத் திறந்தான். எல்லோரையும் விட்டுவிட்டு நேராக உனைசியைப் பார்த்தான். "அஞ்சும் சொல்லிட்டேன் டாக்டர். சரிதானே? உள்ள போலாமா?"

தொரிகா அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். உனைசி அந்தக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து அவனிடம் போனாள். "துலோ" என்று சொன்னாள். ஊர் பார்க்க, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வேணாம் தொரிகா அப்பா. உள்ள போக வேணாம். ஆட்டம் போதும்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அவன் தலையைப் பின்னுக்கு இழுத்து அவள் முகத்தைத் தேடினான். எங்கே பிசகினோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏன் டாக்டர்? அஞ்சும் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க."

"அப்புறம் ஏன் விட மாட்டேங்கிறீங்க? ஊர்ல கூரை இல்ல டாக்டர். எல்லாரும் என்னத்தான் நம்பியிருக்காங்க. வேணும்னா இன்னொரு தடவ சொல்றேன்" என்று கெஞ்சிவிட்டு, அவள் கைக்குள் இருந்தபடியே அவன் மறுபடியும் முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தான்.